கெங்கன் உட்கார்ந்த இடம்

பத்தலப்பள்ளி செக்போஸ்டில்
வி.கோட்டா தக்காளி லாரிகள் வரிசையில் நிற்க
டீக்கடைக்குப் பின்னால் தொடங்கிவிடுகிறது காடு,
எந்த அறிவிப்பும் இல்லாமல்.

சலபதி முன்னால் போகிறான்.
யானைக் காவலுக்குத் தினக்கூலி.
ஞாயிறுகளில் என்னைப் போன்றவர்களுக்கு வழி.
தோள்பையில் பட்டாசு,
அது நமுத்துப்போகாமலிருக்க
சுற்றிக் கட்டிய பால் கவர்.

"கெங்கனைப் பாக்கவா அக்கா?
எல்லாரும் அவனத் தேடித்தான் வராங்க.
அப்போ போலீசு. இப்போ நீங்க."

காரைமுள் துப்பட்டாவைப் பிடித்து விசாரித்தது.
சூரைமுள் விசாரிக்கவே இல்லை, கிழித்தது.
பாதை நடுவில் லத்தி,
இன்னும் சூடு ஆறாமல், செரிக்காத மாங்கொட்டைகளோடு.
"இன்னிக்கு இந்தக் காட்டுல வழிப்பறி இவருதான்.
ரெண்டு ஸ்டேட்லயும் கேஸ் இருக்கு"
என்று மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போகிறான்.

பிறகு அந்தக் கல்.
இந்தப் பக்கம் தமிழில் எண்
அந்தப் பக்கம் தெலுங்கில் எண்
உச்சியில் ஒரு ஓணான், இரண்டுக்கும் தலையாட்டியபடி.

இதன்மேல்தான் உட்காருவானாம் கெங்கன்,
குதிரைமேல் உட்காருவதுபோல்.
வடாற்காட்டுப் போலீஸ் வந்தால்
இந்தக் காலை எடுத்து அந்தப் பக்கம்.
சித்தூர் போலீஸ் வந்தால்
அந்தக் காலை எடுத்து இந்தப் பக்கம்.
"ரெண்டும் சேந்து வந்த அன்னிக்கு..."
சொல்லி நிறுத்துகிறான்.
தண்ணீர் குடிக்கிறான்.
எல்லோருக்கும் இந்த இடத்தில்தான் நிறுத்துவான் போலும்.

குகை என்றார்கள்.
ஓர் ஆள் குனிந்து நுழையும் பாறை இடுக்கு,
கரடி வாசம்.
வாசலில் புதையலுக்குத் தோண்டிய ஏழு குழிகள்,
சுருங்கிப்போன எலுமிச்சை,
வெடிவைத்துப் பிளந்த பாறையில் யாரோ ஒருவனின் போன் நம்பர்.
உள்ளே
ஒரு பானைச் சோறு வேகும் அளவுக்குப் புகைக்கரி.
முதுகு சாய்ந்து சாய்ந்து வழவழத்த ஓரிடம்.

சாய்ந்து பார்த்தேன்.
என் தோளுக்குக் கீழேயே முடிந்துவிட்டது வழவழப்பு.

பனைமர உயரம் என்றார்களே.
இவ்வளவு சின்ன ஆளா.

காட்டிக்கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை.
இறங்கும்போது அவனாகவே சொன்னான்:
"சோறு தண்ணி குடுத்துக்கினு இருந்த கைதான்க்கா.
மோருல இன்னாத்தயோ கலக்கிட்டான்.
துரை ஆத்தோரமா அஞ்சு ஏக்கரு இனாம் எழுதிக் குடுத்தாரு.
இன்னா புண்ணியம்?
புல்லு மொளைக்கல அதுல.
வம்சமே அத்துப்போச்சு."

அப்படியா, என்றேன்.

ஆற்றோரம் நெல்தான் போடுகிறோம்.
போன போகம் என் பங்கு ஒன்றேகால் ஏக்கருக்கு
முப்பத்தெட்டு மூட்டை.
என் கல்லூரி, அம்மாவின் கண் ஆபரேஷன்,
இந்தக் காலிலிருக்கும் ஷூ
எல்லாம் அதிலிருந்து முளைத்தவை.
தம்பிக்குப் போன மாதம் இரட்டைக் குழந்தைகள்.
பழைய பட்டாவின் முதல் வரியில் இருக்கும் பெயரை
ஒன்றுக்கு வைக்கலாம் என்கிறார் அப்பா.

பாறைகளில் வெயில் தணல் கொட்டுகிறது.
எங்கோ மூங்கில் முறியும் சத்தம்.
"ஜாக்ரத்த" என்று கையை நீட்டி
என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்துகிறான்.
மூச்சு விடாமல் நிற்கிறோம்.
பெரியவர் மனம் மாறி
ஆந்திராவுக்குள் போகிறார்.

மறுபடி அந்தக் கல்லுக்கு வந்தபோது
சலபதியின் பாட்டிலில் சொட்டு இல்லை.
என் பையிலிருந்ததை எடுத்து நீட்டினேன்.
வீட்டு மோர்.
காலையில் அம்மா ஊற்றிக் கொடுத்தது.

ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கினான்.
ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே,
அண்ணாந்து குடிக்கிறான்.
அவன் தொண்டை ஏறி இறங்குவதையே
பார்த்துக்கொண்டு நிற்கிறேன்,
கடைசி மடக்கு வரைக்கும்.

வாயைத் துடைத்துக்கொண்டு சொல்கிறான்:
"உப்பு கம்மிக்கா."